தோட்டாவை நம்பலாமா?

1986-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி. அமெரிக்காவில் மியாமி நகரத்தின் ஓரம். காலை நேரம்.

ஒரு காரில் இரண்டு கொள்ளைக்காரர்கள் போய்க்கொண்டு இருந்தார்கள். பாங்கிகளையும், பணம் ஏற்றிச் செல்லும் வண்டிகளையும் கொள்ளை அடித்தவர்கள். அவர்களைத் தேடி அலைந்த எப்.பி.ஐ. துப்பறியும் அதிகாரிகள் அந்தக் காரை அடையாளம் கண்டுகொண்டார்கள். தங்கள் கார்களால் மோதி நிறுத்தினார்கள்.

அதிகாரிகள் 8 பேர். எதிரிகள் 2 பேர். துப்பாக்கிச் சண்டை மூண்டது.

சண்டை தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஒரு அதிகாரி சுட்ட குண்டு, கொள்ளைக்காரன் ஒருவனின் வலது கையில் பாய்ந்தது. கையைத் துளைத்துக்கொண்டு மார்புக்குள் புகுந்தது. நுரையீரலைக் கிழித்தது. இதயத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குல தூரத்தில் நின்றுவிட்டது!

அந்தக் காயத்தோடு அவன் தொடர்ந்து சுட்டான். 2 அதிகாரிகள் செத்தார்கள். 5 பேர் காயம் அடைந்தார்கள். முடிவில் கொள்ளைக்காரர்கள் இருவரும் மாண்டார்கள். எல்லாம் சில நிமிடங்களுக்குள் நடந்து முடிந்தது.

அந்தக் குண்டு மட்டமான குண்டு அல்ல. எப்படி வேலை செய்யவேண்டும் என்று தொழிற்சாலையில் செய்தார்களோ, அப்படியேதான் வேலை செய்தது. சதையில் பட்டதும் அதன் முனை விரிந்தது. விரிந்ததால் வேகம் குறைந்தது. வேகம் குறைந்ததால் நின்றது. குறுக்கே ஒரு கை இருக்கும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளில் படுக்கைக்குப் பக்கத்து மேஜையில் கைத்துப்பாக்கி இருக்கிறது. திருடன் வந்தால் சுடலாம் என்ற தைரியத்தில் வாங்கி வைத்திருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் இருந்து போய்க் குடியேறியவர்களும் ஆயிரக்கணக்கில் அந்த ஊர்களில் வாழ்கிறார்கள். துப்பாக்கி வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கை இன்று நாம் எடுத்துக்கொள்ளவில்லை. வாங்கியவர் நம்புவது எதை? துப்பாக்கியை அல்ல, அதற்குள் இருக்கும் தோட்டாவை. அந்தத் தோட்டா நம்பத் தகுந்ததுதானா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதுதான் இன்றைய கேள்வி.

தீக்குச்சியைப் போல!

தோட்டா என்பது ஒரு சிறிய பித்தளைக் குப்பி. அதன் வாயில் ஈயக் குண்டு செருகி இருக்கும். உள்ளே வெடிமருந்து. அடியில் 'பிரைமர்' என்ற சின்னப் பொட்டு. தீபாவளிக்குக் குழந்தைகள் பொம்மைத் துப்பாக்கியில் 'கேப்' வைத்துச் சுடுகிறார்கள் அல்லவா? அதைப் போன்றதுதான். விசையை அழுத்தினால் ஓர் ஊசி அந்தப் பொட்டைத் தட்டும். பொட்டு தீப்பொறியைக் கக்கும். மருந்து எரியும். குண்டு பறக்கும்.

இதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது.

கடிகாரம் ஓடுகிறதா என்று பார்த்து வாங்கலாம். மண் பானையைத் தட்டிப் பார்த்து வாங்கலாம். தோட்டாவை அப்படிப் பார்க்க முடியாது. சுட்டுத்தான் பார்க்கவேண்டும். சுட்டுப் பார்த்தால் தோட்டா போய்விட்டது! தீக்குச்சி எரியுமா என்று கிழித்துப் பார்த்துவிட்டு, அதே குச்சியைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்த முடியுமா? சோதித்த தோட்டா இனி உதவாது. உயிரைக் காக்கப்போகும் தோட்டாவோ சோதிக்கப்படாதது.

ஆகவே ஒரு தோட்டாவைப் பற்றி நாம் சொல்வது எல்லாம், அதனுடன் பிறந்த மற்ற தோட்டாக்களைப் பார்த்துச் சொல்வதுதான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார்கள் சொன்னார்கள். ஆனால் ஒரே பானையாக இருக்கவேண்டும்! பக்கத்து அடுப்பில் வேகும் சோற்றுக்கு இந்தச் சோறு சாட்சி சொல்லாது. தோட்டாவுக்கும் பானை உண்டு. ஒரே மருந்து, ஒரே பொட்டு, ஒரே யந்திரம் என்று சேர்த்துச் செய்த தோட்டாக்களுக்கு ஒரே எண்ணைப் பெட்டியின் மேல் அச்சடிக்கிறார்கள். அதை 'லாட்' எண் என்பார்கள். கம்பெனிப் பெயர் ஒன்றாக இருந்தாலும், எண் வேறாக இருந்தால் பானை வேறு. போன வருடம் வாங்கிய பெட்டி நன்றாக வெடித்தது என்பதற்காக இந்த வருடத்துப் பெட்டியை நம்புவது தப்புக் கணக்கு.

20 சுட்டால் போதுமா?

பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? ஒரு பெட்டியைச் சுட்டுப் பார்க்கிறார்கள். எல்லாம் வெடித்தால், "பிரமாதம்! ஒன்றுகூடத் தவறவில்லை" என்று திருப்தி அடைகிறார்கள். தற்காப்புக்கு என்று விற்கும் தோட்டாக்கள் பெரும்பாலும் 20 கொண்ட சிறு பெட்டிகளில் வருகின்றன. விலையும் அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

நூற்றுக்கு ஒன்று வெடிக்காத தோட்டாக் குவியல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 100 பேர் வந்து ஆளுக்கு 20 தோட்டா எடுத்துச் சுடுகிறார்கள். எத்தனை பேர் பழுதைக் கண்டுபிடிப்பார்கள்? 18 பேர்தான்! மீதி 82 பேரும், "பழுதே இல்லை" என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். ஆளுக்கு 50 சுட்டாலும் 60 பேர் ஏமாறுவார்கள். 200 சுட்டால் 13 பேர். ஏமாறுகிறவர்கள் 5 பேராகக் குறையவேண்டுமானால் ஆளுக்கு 300 தோட்டா சுடவேண்டும்.

நல்ல கம்பெனிகளின் தோட்டாவில் பழுது நூற்றுக்கு ஒன்றைவிட மிகவும் குறைவு. கணக்குக்காகத்தான் ஒன்று என்று வைத்துக்கொண்டோம். ஆனால் பழுது குறையக் குறைய அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 300 சுட்டும் பயன் இல்லை. சாதாரணச் சம்பளக்காரர் இந்தச் சோதனையைத் தன் சொந்தப் பணத்தில் செய்ய முடியுமா? முடியாது. கம்பெனியால் முடியும். சர்க்காரால் முடியும்.

இதில் துப்பாக்கிக்கும் பங்கு உண்டு. முனையில் குழி உள்ள குண்டு ஒரு பிஸ்டலில் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். இன்னொரு பிஸ்டலில் வாயிலேயே தட்டி நிற்கும். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால், மறுபடி விசையை அழுத்தினால் போதும். அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலில் அப்படி இல்லை. கையால் மேல்பகுதியை இழுத்து, வெடிக்காத தோட்டாவை வெளியே தள்ளவேண்டும். நடுராத்திரியில், கை நடுங்கும்போது!

வீட்டில் வைத்திருப்பவரின் தவறுகளும் உண்டு. துப்பாக்கிக்கு எண்ணெய் போடுகிறேன் என்று தோட்டாவையும் நனைத்து விடுவார்கள். எண்ணெய் பொட்டுக்குள் கசிந்தால் மருந்து செத்துவிடும். இன்னும் சிலர் தினமும் இரவில் தோட்டாவைக் குழலில் ஏற்றி, காலையில் எடுத்துவிடுவார்கள். அதே தோட்டா, தினமும் அதே இடி. நாளடைவில் குண்டு குப்பிக்குள் அமுங்கிவிடும். அமுங்கிய தோட்டாவைச் சுட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். துப்பாக்கியே சிதறவும் கூடும்.

வெடிக்காத தோட்டாவை என்ன செய்வது? தீபாவளியன்று நமுத்துப்போன பட்டாசைக் குனிந்து பார்க்கப் போன குழந்தையின் கதை நமக்குத் தெரியாததா? அதேதான். குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்பியபடி அரை நிமிடமாவது அசையாமல் இருக்கவேண்டும். தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு. 'டப்' என்று மெல்லிய சத்தம் மட்டும் கேட்டால் அது இன்னும் பொல்லாதது. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி இருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

ஒன்றரை அடி

வெடித்தால் மட்டும் போதாது என்பதை மியாமி காட்டியது.

எப்.பி.ஐ. இலாகா சும்மா இருக்கவில்லை. 1987-ல் டாக்டர்களையும் நிபுணர்களையும் கூட்டி வைத்து ஆலோசித்தது. பிறகு ஒரு பரீட்சை ஏற்பட்டது. மிருகங்களின் எலும்பு, தோல் போன்றவற்றில் இருந்து எடுக்கும் ஜெலட்டினைத் தண்ணீரில் கரைத்துக் குளிர வைப்பார்கள். கட்டியான ஜெல்லியாக உறையும். உடம்புச் சதைக்குப் பதில் அது. அதற்கு முன்னால் கனத்த துணி, சுவர்ப் பலகை, ஒட்டுப் பலகை, இரும்புத் தகடு, கார்க் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வைத்துச் சுடுவார்கள். குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமல் ஜெல்லிக்குள் போகவேண்டும். 18 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அதாவது ஓர் அடிக்கும் ஒன்றரை அடிக்கும் இடையில் நிற்கவேண்டும்.

ஓர் அடி ஏன்? குறுக்கே கை இருந்தாலும் போய்ச் சேரவேண்டும். ஒன்றரை அடிக்கு மேல் ஏன் கூடாது? பின்னால் நிற்பவர் மேல் பாயக்கூடாது.

துணியை வைத்துச் சுட்டபோது ஒரு விஷயம் வெளிப்பட்டது. குண்டின் முனையில் உள்ள குழிக்குள் துணி அடைத்துக்கொண்டால் சில குண்டுகள் விரிவதே இல்லை! வெறும் ஜெல்லியில் பூப்போல விரிந்து, விளம்பரப் படத்தில் அழகாக இருந்த குண்டு, கனத்த துணியைக் கண்டதும் மொட்டாகவே போனது. படத்தைப் பார்த்து வாங்கியவர்களுக்கு இது தெரியாது.

(விரியும் குண்டுக்கு நம் நாட்டோடு ஒரு பழைய உறவு உண்டு. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதசாலையில் வெள்ளைக்காரர்கள் செய்ததால்தான் அதற்கு டம்டம் குண்டு என்று பெயர். யுத்தத்தில் அதை உபயோகிக்கக் கூடாது என்று 1899-ல் ஹேக் நகர மகாநாட்டில் தடை போட்டார்கள். போலீசுக்குத் தடை இல்லை. ஆளைத் துளைத்துக்கொண்டு போய் வழிப்போக்கர் மேல் பாயக்கூடாது என்பதற்காகவே நியூயார்க் போலீசார் 1998-ல் விரியும் குண்டுக்கு மாறினார்கள்.)

விற்பனைக்கு உதவும் கணக்குகளையும் நம்பிவிடக்கூடாது. ஒரே குண்டில் ஆளைச் சாய்க்கும் தோட்டா எது என்று நூற்றுக்கு இத்தனை மார்க் போட்டு, 1990-களில் அமெரிக்காவில் பட்டியல்கள் பிரபலமாக இருந்தன. எப்படி எடுத்த கணக்கு? ஒரே ஒரு குண்டு பட்ட சம்பவங்களை மட்டும் சேர்த்தார்கள். முதல் குண்டு போதாமல் இரண்டாவது, மூன்றாவது சுட்டிருந்தால் அந்தச் சம்பவம் கணக்கிலேயே இல்லை! தோற்ற பையன்களில் பலருடைய விடைத்தாளை ஒளித்துவைத்து விட்டு, பள்ளிக்கூடத்தின் பெருமையைப் பேசுவது போல.

குடும்பக்காரர்கள் கவனிக்கவேண்டியது இன்னொன்று உண்டு. அமெரிக்க வீடுகளின் உள்சுவர் நம் வீட்டுச் செங்கல் சுவர் அல்ல. மரச் சட்டத்தின் இருபுறமும் அடித்த சுண்ணாம்புப் பலகை. ஆளின் உடம்பில் ஓர் அடி போகும் குண்டு அந்தச் சுவரில் நிற்காது. குழியில் பலகைத்தூள் அடைத்துக்கொண்டால், விரியாமல் இன்னும் தூரம் போகும். அடுத்த அறையில் தொட்டில் இருக்கலாம். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய தோட்டாவுக்கும் இந்தக் குணம் உண்டு. கடைக்காரர் இதைச் சொல்வாரா?

பொம்மைக்கு உண்டு; தோட்டாவுக்கு இல்லை!

அமெரிக்காவில் 1972-ல் ஒரு சட்டம் வந்தது. வீட்டுச் சாமான்களில் ஆபத்து இருந்தால் தலையிடுவதற்கு என்று ஒரு தனி இலாகா ஏற்பட்டது. குழந்தையின் பொம்மை, கட்டில், மின்சார அடுப்பு எதில் பழுது என்றாலும் கடையில் இருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும்படி அந்த இலாகா கம்பெனிக்கு உத்தரவு போடலாம். ஆனால் துப்பாக்கியும் தோட்டாவும் அதன் அதிகாரத்துக்கு வெளியே வைக்கப்பட்டன. கைத்துப்பாக்கித் தோட்டாவையே தடை செய்யுங்கள் என்று சிலர் அந்த இலாகாவுக்கு மனுச் செய்தார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கொதித்து எழுந்தார்கள். 1976-ல் பார்லிமெண்டு குறுக்கிட்டு, தோட்டா விற்பனைக்கு இந்த இலாகா கட்டுப்பாடு விதிக்கக் கூடாது என்று கதவை இன்னும் அழுத்திச் சாத்தியது.

தோட்டாக் கம்பெனிகளுக்கு 1926-ல் இருந்து ஒரு சங்கம் உண்டு. அளவும் அழுத்தமும் இவ்வளவு இருக்கவேண்டும் என்று விதிகள் வகுத்திருக்கிறது. நல்ல விதிகள்தான். ஆனால் மனம் இருந்தால் அனுசரிக்கலாம். சர்க்கார் கட்டாயம் இல்லை. ஐரோப்பாவில் பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன் முதலிய நாடுகள் வேறு வழியில் போகின்றன. 1914-ல் தொடங்கிய ஓர் ஏற்பாட்டின்படி, அங்கே தோட்டா கடைக்கு வருமுன் சட்டப்படி பரீட்சை நடக்கவேண்டும்.

அமெரிக்கர்களின் பயம் நமக்குப் புரிகிறது. சோதனை என்று உள்ளே வருகிற சர்க்கார், பிறகு தடை என்று சொல்லிவிடும் என்று அஞ்சுகிறார்கள். அப்படியானால் சட்டத்தில், "தடை செய்யும் அதிகாரம் இல்லை; சோதிக்கும் அதிகாரம் மட்டும் உண்டு" என்று எழுதட்டுமே! ஒவ்வொரு பெட்டியின் மேலும், இந்த எண்ணில் எத்தனை தோட்டா சுட்டுப் பார்த்தோம், எத்தனை வெடிக்கவில்லை, துணியைத் தாண்டி எத்தனை அங்குலம் போனது என்று மூன்று வரி அச்சடிக்கட்டும். இந்தக் கணக்குகள் கம்பெனிகள் எடுக்கக்கூடியவைதான். விலை கொஞ்சம் ஏறும் என்பார்கள். 300 தோட்டாவைச் சொந்தச் செலவில் சுட்டுப் பார்ப்பதைவிட அது மலிவு.

அதுவரை வாங்கியவர் தன்னால் ஆனதைச் செய்துகொள்ள வேண்டியதுதான். பொட்டு துருத்திக்கொண்டு இருக்கிறதா, குப்பி நசுங்கி இருக்கிறதா, குண்டு அமுங்கி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்க்கலாம். தன் துப்பாக்கியில், அதே எண்ணுள்ள தோட்டாக்களை முடிந்தவரை சுட்டுப் பார்க்கலாம். மீதியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கலாம். பெட்டியையும் பத்திரப்படுத்தவேண்டும். பழுது கண்டால் கம்பெனிகள் தாமாகவே லாட் எண்ணைச் சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்வது உண்டு. அந்த எண் தோட்டாவின் மேல் இருப்பது இல்லை; பெட்டியின் மேல்தான் இருக்கிறது. பெட்டியைக் குப்பையில் போட்டவருக்கு, அறிவிப்பு வந்த நாளில் ஒப்பிட்டுப் பார்க்க எண் கிடையாது.