சுவாசக் கருவியும் வீடு தேடி வரட்டும்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

ஒரத்தநாடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். விவசாயியான என் அண்ணனுக்கு ஏ.எல்.எஸ். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகும் நோய். நாற்றுமுடி கட்டிய விரல்கள் முதலில் சோர்ந்தன; பிறகு கால்கள், கடைசியாகப் பேச்சு. ஊரில் பலர் இன்னும் வாதம் என்றே நினைக்கிறார்கள்.

அண்ணனுக்கு அறிவு தெளிவாக இருக்கிறது. நான் க, ச, த என்று வரிசையாகச் சொல்வேன். வேண்டிய எழுத்தில் கண் சிமிட்டுவார். அங்கிருந்து த, தா, தி என்று இறங்குவேன். மேட்டூர் திறந்த சேதி கேட்டதும் அவர் இப்படிக் கூட்டிச் சொன்னது: "தண்ணி வந்துச்சா?" புதாற்றில் வந்துவிட்டது என்றேன். அடுத்த கேள்வி, "கடைமடைக்கு?"

இந்த வகை நோய் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. இளம் வயதினரைத் தாக்கும் ஒரு வகையை 1970-இலேயே சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் விவரித்தார்கள். செவித்திறனையும் பாதிக்கும் அந்த வகைக்கு உலக மருத்துவத்தில் இன்றும் மெட்ராஸின் பெயர்தான். அப்படிப்பட்ட மாநிலத்தில், நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பம் தனியாகத் தவிக்கிறது.

1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலுசோல் மாத்திரை ஆயுளைச் சில மாதங்களே நீட்டிக்கும். குணமாக்கும் மருந்து கிடையாது. பெரும்பாலோரின் உயிர் போவது மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோவதால்தான். முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் பைபேப் கருவி பலருக்கு ஆயுளையும் கூட்டும், இரவில் நிம்மதியான தூக்கத்தையும் தரும். எங்கள் வீட்டில் அதற்கு மாத வாடகை. அண்ணியின் சங்கிலி அடகில் இருக்கிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் விளக்கைப் பார்த்தபடி அண்ணி உட்கார்ந்திருப்பார். நள்ளிரவில் தொண்டையில் சளி அடைத்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க முடியாது. சக்‌ஷன் மிஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸ் திரவப் பைகளையே வீட்டில் கொடுக்கிறார்கள். அருமையான திட்டம், மனதாரச் சொல்கிறேன். அதே வண்டியில் மூச்சுக் கருவியும் வர முடியாதா?

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பைபேப், சக்‌ஷன் மிஷின், பேட்டரி ஆகியவற்றை இரவலாகக் கொடுக்கும் ஒரு பிரிவைத் தொடங்குங்கள். ஒரு வீட்டில் தேவை முடிந்ததும் கருவி அடுத்த வீட்டுக்குப் போகட்டும். சளி எடுக்கவும், குழாய் வழியே கஞ்சி கொடுக்கவும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கவும் செவிலியர் ஒருவர் வந்து வீட்டாருக்குக் கற்றுத்தரட்டும். இப்போது இதையெல்லாம் பயந்து பயந்து நாங்களே பழகிக்கொள்கிறோம்.

அடுத்த மானியக் கோரிக்கையிலேயே இதை அறிவிக்க வேண்டுகிறேன். நோய் தொடங்கியபின் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளே கிடைக்கின்றன.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் தம்பி