கணக்குப்பிள்ளை பொண்ணுக்கு எதுக்கு சர்வதேசச் சட்டம்?

போன ஞாயித்துக்கிழமை தங்கமணியின் அண்ணன் திருச்சியில் இருந்து போன். "மாப்ளே, பாப்பா பி.காம் முடிச்சிட்டு சர்வதேசச் சட்டம் படிக்கப் போறாளாமே? அதுக்கெல்லாம் பிளஸ் டூ முடிச்ச கையோட அஞ்சு வருஷ லா காலேஜ், அப்புறம் கேம்பிரிட்ஜ், ஹார்வர்டுன்னு போயிருக்கணும். கணக்குப்பிள்ளை பொண்ணுக்கு எதுக்கு இது?"

நானும் பி.காம்தாங்க. சுருக்குன்னு இருந்துச்சு.

நான் குப்பை கொட்டும் இதே கல்கத்தாவில் ராதாபினோத் பால்னு ஒருத்தர் இருந்தார். படிச்சது கணக்கு. அலகாபாத் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் குமாஸ்தா. அப்புறம் மைமன்சிங்கில் கணக்கு வாத்தியார். வாத்தியார் வேலையில் இருந்துகொண்டே சட்டம் படித்தார். டாக்டர் பட்டம் இதே ஊரில்தான், அதுவும் பழைய இந்து சட்டத்தில். வருமான வரிச் சட்டத்திலும் கில்லாடி. (நம்ம ஆளு!) 1946-ல் டோக்கியோ போர்க்குற்ற விசாரணைக்குப் போனார். போர் தொடுத்தபோது அது குற்றம்னு சட்டமே இல்லை, ஜெயிச்சவன் பின்னாடி சட்டம் எழுதி தோத்தவனைத் தண்டிக்க முடியாதுன்னு ஆயிரம் பக்கத்துக்கு மேல் தனித் தீர்ப்பு எழுதினார். ஜப்பான்காரன் செய்த கொடுமைகளை அவர் மறுக்கலை. தீர்ப்பை ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் உங்க இஷ்டம், ஆனா இன்னிக்கு வரைக்கும் அதைத் தாண்டிப் போக முடியலை. பிறகு ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையத்துக்கு இரண்டு தடவை தலைவர்.

சர்வதேச நீதிமன்றத்துக்கு 1952-ல் போன பி.என்.ராவ் கேம்பிரிட்ஜ்தானேன்னு கேப்பீங்க. ஆமாம். ஆனா அங்கே அவர் படிச்சதும் கணக்குதான்!

இன்னொரு கூத்து. நாம பாரின் பாரின்னு பறக்கறோம். போலந்தில் திருச்சபைச் சட்டம் படிச்ச அலெக்ஸாண்ட்ரோவிச் 1951-ல் மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு வந்து பாடம் நடத்தினார். ஐரோப்பியக் கம்பெனிகள் நம்ம ராஜாக்களோடு சமமா உட்கார்ந்து ஒப்பந்தம் போட்ட காலம் உண்டுன்னு 1967-ல் புத்தகமே போட்டார்.

அந்த நீதிமன்றத்தின் சாசனமே கேக்கறது ரெண்டில் ஒண்ணுதான்: சொந்த நாட்டில் உச்ச நீதிப் பதவிக்கான தகுதி, இல்லேன்னா சர்வதேசச் சட்டத்தில் பேர் பெற்ற புலமை. எந்த காலேஜ்னு அதில் ஒரு வரி கிடையாது. வெளிநாட்டுப் பட்டம் இருந்தா இன்னிக்கு கதவு சீக்கிரம் திறக்கும், மறுக்கலை. அதுக்காக வீட்டை அடமானம் வைக்க வர்ற அப்பாக்களை வாரம் ஒருத்தராவது என் மேஜைக்கு எதிரே பார்க்கறேன். எல்லாருக்கும் பட்டத்தின் பேர் மனப்பாடம். பிள்ளை எதைப் பத்தி எழுதப் போறான்னு கேட்டா தெரியாது.

மச்சான் வர்ற ஞாயிறும் கூப்பிடுவார். போனை பாப்பா கையிலேயே கொடுத்துடப் போறேன்.