ஏட்டில் ஏறும், பட்டத்தில் ஏறாது!

அமெரிக்காவில் பொறியியல் படிக்க விரும்பும் அயல்நாட்டு மாணவர்களில் பலர், முதல் இரண்டு ஆண்டுகளைச் சமுதாயக் கல்லூரியில் கழித்துவிட்டுப் பல்கலைக் கழகத்திற்கு மாறுகிறார்கள். செலவு குறைவு என்பதே காரணம். யோசனை நல்லதுதான். ஆனால் கையில் 60 'கிரெடிட்' இருப்பதால் பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக நினைக்கிறார்களே, அங்கேதான் தவறு நேர்கிறது.

கிரெடிட்டை ஏற்றுக்கொள்வது வேறு. பட்டத்திற்குச் சேர்த்துக்கொள்வது வேறு. சரித்திரம், பேச்சுக்கலை எல்லாம் ஏட்டில் ஏறும். ஆனால் பொறியியல் பட்டங்களுக்கு அங்கீகாரம் அளிக்கும் 'ஏபெட்' நிறுவனம், கணிதமும் அடிப்படை விஞ்ஞானமும் குறைந்தது 30 கிரெடிட், பொறியியல் பாடங்கள் 45 கிரெடிட் இருக்கவேண்டும் என்கிறது. இவற்றில் சேராதவை பெரும்பாலும் பதர்தான். மரக்காலில் அளக்கலாம், உலையில் போட முடியாது.

பொறியியல் பாடங்களோ படிக்கட்டைப் போன்றவை. கால்குலஸ் படிக்காதவனுக்கு நிலையியல் இல்லை. நிலையியல் இல்லாதவனுக்கு இயக்கவியல் இல்லை. ஒரு படி தவறினால் ஓராண்டு வீணாகலாம். உள்ளூர் மாணவன் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரம் படித்துச் சமாளிப்பான். எஃப்-1 விசாவில் வந்தவனுக்கு அந்த வழி இல்லை. பொதுவாக அவன் பருவந்தோறும் 12 கிரெடிட் படித்தாக வேண்டும். அனுமதியின்றி வெளியே வேலை பார்க்கவும் கூடாது. அந்த ஓராண்டுச் செலவு, நிலத்தை அடகு வைத்து அனுப்பிய தகப்பனார் தலையில்தான் விடியும்.

இந்தியாவிலேயே இரண்டாண்டு பொறியியல் படித்துவிட்டுப் போகிறவர்கள், 1989-ல் ஏற்பட்ட வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-ல் முழு உறுப்பினராகிவிட்டதே என்று தைரியம் கொள்வதுண்டு. அந்த ஒப்பந்தம் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்களுக்கே உதவும். பாதியில் மாறுகிறவர்களுக்கு அன்று.

கட்டணத்தை வாங்குவதற்கு முன்பே, எந்தப் பாடத்திற்கு எது ஈடு என்று எழுத்து மூலம் தெரிவிப்பது பல்கலைக் கழகங்களின் கடமையாகும். இது முடியாத காரியம் அல்ல. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிப் பாடங்கள் அம்மாநில அரசுப் பல்கலைக் கழகங்களில் எதற்கு ஈடாகும் என்பதை 'அசிஸ்ட்' என்ற இணையதளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அயல்நாட்டுக் கல்லூரியிலிருந்து வருகிறவனுக்கும் அத்தகைய தெளிவான பதில் கிடைக்க வேண்டாமா?

அது கிடைக்கும்வரை மாணவர்கள்தான் விழிப்பாக இருக்கவேண்டும். படித்த ஒவ்வொரு பாடத்தின் திட்டத்தையும் கல்லூரி முத்திரையுடன் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. "எத்தனை கிரெடிட் ஏற்பீர்கள்?" என்று கேட்பதில் பயனில்லை. "பட்டம் பெற இன்னும் எத்தனை பருவம் படிக்கவேண்டும்?" என்று கேட்கவேண்டும். அதற்குக் கிடைக்கும் பதிலே உண்மையான கணக்கு.