பிஸ்கட் புண்ணியவான்கள்

லடாக்குக்கு டூர் வரும் நம்மாட்களுக்கு ஒரு கோரிக்கை. பையில் இருக்கிற பிஸ்கட்டை தயவுசெய்து நீங்களே தின்று தீருங்கள்.

பாங்காங் ஏரிக்குப் போகிற ரோட்டோரம் மர்மோட் என்று ஒரு பிராணி. பூனையைவிடப் பெரிய கொழுகொழு அணில் என்று வைத்துக்கொள்ளுங்கள் (நிஜமாகவே அணில் குடும்பம்தான்). கோடையில் வண்டியை நிறுத்தி, பிஸ்கட்டை நீட்டி, பக்கத்தில் குந்தி ஒரு போட்டோ. கேட்டால் "பாவம் சார், இந்த மொட்டை மலையில அதுக்கு என்ன கிடைக்கும்?" அதுக்கு என்ன கிடைக்கும்னு அதுக்குத் தெரியும் ஐயா! கோடை முழுக்கப் புல் பூண்டு தின்று கொழுப்பு சேர்த்து, பனிக்காலம் முடியும்வரை மாசக்கணக்கில் வளைக்குள் தூங்குகிற ஜந்து. அந்தக் கொழுப்புதான் அதன் ஃபிக்ஸட் டெபாசிட். அதில் போய் மைதாவையும் சர்க்கரையையும் போடுகிறீர்கள்.

குளிர்காலத்தில் நரி. லே நகரத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் விடிகாலையில் செந்நரி வரும். பனி மூடிய வயலில் தலையைச் சாய்த்து நிற்கும். பனிக்கடியில் எலி ஓடும் சத்தம் அதற்குக் கேட்கும். அப்புறம் ஒரே எம்பு, மூக்கு முதலில் பனிக்குள்! பல தடவை வெறும் வாயோடுதான் எழுந்திருக்கும் (எங்கள் லோன் ரெக்கவரி மாதிரி). ஜன்னலுக்குப் பின்னால் டீயோடு நின்று பார்ப்பதோடு நம் வேலை முடிந்தது. ரொட்டி போட்டுப் பழக்கினால் அது ரோட்டுக்கு வரும். ரோட்டில் வண்டி. வண்டிக்குத் தப்பினால் நாய்.

இந்த நாய்களை யாரும் போட்டோ எடுப்பதில்லை. ஓட்டலும் டூரிஸ்ட் கேம்ப்பும் ராணுவ முகாமும் கொட்டுகிற மிச்சத்தில் பெருகியவை. சீசன் முடிந்து ஓட்டல்கள் மூடினால் பசியோடு கூட்டமாகத் திரியும். ஆட்டுக்குட்டியை விடாது. கோடையில் மர்மோட்டையும் கருங்கழுத்துக் கொக்கின் முட்டை, குஞ்சுகளையும் விடாது. 2021-இல் லடாக் தன் பறவையாக அறிவித்ததே அந்தக் கொக்கைத்தான்!

ஜீவகாருண்யமாம். கேமரா இல்லையென்றால் எத்தனை பேர் பாக்கெட்டைப் பிரிப்பார்கள்?

காருண்யம் பார்க்கணுமா, ரும்பக், உல்லே கிராமங்களுக்குப் போங்கள். பனிச்சிறுத்தை பட்டிக்குள் குதித்தால் ஒரே ராத்திரியில் ஆட்டு மந்தையே காலி. அந்த நஷ்டத்தைப் பார்த்தவர்கள்தான் இன்று வீட்டில் ரூம் கொடுத்து, எதிர்மலைச் சிறுத்தையை டெலஸ்கோப்பில் காட்டிப் பிழைக்கிறார்கள். பட்டிகளுக்குக் கம்பிவலைக் கூரை போடும் வேலையும் நடக்கிறது. 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பில் நாட்டில் 718 பனிச்சிறுத்தை, அதில் 477 லடாக்கில். ஒன்றுக்குக்கூட யாரும் பன் போடவில்லை.

எங்கள் வீட்டுக்கார அமா-லே (இங்கே அம்மாவை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்) காய்த்தோல், மிச்சச் சோறு எல்லாவற்றையும் மாட்டுக்குப் போடுவார். வாசலில் ஒரு பருக்கை கிடக்காது. போன டிசம்பரில் பக்கத்து கெஸ்ட் ஹவுஸுக்கு வந்த ஒருவர் நரிக்கு என்று தினம் பிரெட் வீசிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இப்போது அங்கே அஞ்சு நாய். மாட்டுக்கொட்டில் வாசலில் தடியோடு உட்கார்ந்திருப்பது அமா-லே.