உகந்தைக்குப் போற வழியில் ஒரு கேள்வி



கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் கார் பார்க்கில் இப்ப ஒரே கதை டிசம்பர் லீவுதான். ஆர் ஊருக்குப் போகினம், டிக்கற் என்ன விலை, எங்க தங்கலாம். அறுகம்பேயும் குமணவும் பலருடைய பட்டியலில் இருக்கின்றன. ஈகோ ரிசோர்ட்டில் தங்கி யானையும் பறவையும் பார்க்கப் பிள்ளைகளுக்கும் ஆசை.

போங்கோ. ஆனால் பாணமையின் கதையைத் தெரிந்துகொண்டு போங்கோ.

கதிர்காமப் பாதயாத்திரை நடந்தவர்களுக்கு அந்த ஊர் தெரியும். பொத்துவில் தாண்டி, உகந்தைக்கும் குமண தேசியப் பூங்காவுக்கும் முன்னால் வரும் கடைசி ஊர். சிங்களவரும் தமிழரும் கலந்து மணம் முடித்து வாழ்கிற ஊர். 2010 ஜூலையில் ஓர் இரவு, ஆயுதம் தாங்கியவர்கள் அங்கே ராகம்வெல பகுதிக்குள் புகுந்து குடிசைகளை எரித்தார்கள். சேனைப் பயிரும் மீன்பிடியுமாய் இருந்த குடும்பங்கள் துரத்தப்பட்டன. பிறகு அந்தக் கரையில் படைமுகாம்கள் வந்தன. கடற்படை நடத்தும் உல்லாச விடுதியும் வந்தது.

2015 பெப்ரவரியில் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை முடிவெடுத்தது. அது கடதாசியிலேயே கிடந்தது. 2016 மார்ச்சில் மக்கள் தாங்களே உள்ளே போய்க் கொட்டில் போட்டார்கள்.

இவர்கள் சுற்றுலாவுக்கு எதிரிகளா? இல்லை. அந்தக் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது வெளிநாட்டார் வருவதால்தான். வீட்டுக்காரனைத் துரத்திவிட்டு அதே வளவில் விருந்து வைப்பதைத்தான் எதிர்த்தார்கள். காட்டோரம் சேனை செய்தவனுக்கு இடமில்லை, ஹோட்டலுக்கு இடமுண்டு என்றால் அதில் ‘ஈகோ’ எங்கே இருக்கிறது?

1990களில் கென்னட் அரசு வில்சன்ஸ் புரொமொன்டரி தேசியப் பூங்காவுக்குள் ஹோட்டல் கட்டப் பார்த்தது. விக்ரோரியா மக்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அதற்காக ஆரும் இரவில் வந்து அவர்களுடைய வீட்டை எரிக்கவில்லை. பாணமை மக்கள் கேட்டதும் அதே உரிமைதான்.

ஆகவே, புக் பண்ணுமுன் மூன்று கேள்வி கேளுங்கோ. இந்த நிலம் முந்தி ஆருடையது? விடுதியை நடத்துவது ஆர், படையா ஊராரா? எங்கட டொலரில் எவ்வளவு அந்த ஊருக்குள் நிற்கும்? பதில் வராத இடத்தில் தங்காதேங்கோ. ஊராரின் அறை, ஊராரின் ஜீப், ஊராரின் சாப்பாட்டுக்கடை எதுவென்று விசாரித்துப் போங்கோ.

திரும்பி வந்து எங்களுக்கும் எழுதுங்கோ.

தோழமையுடன்,
ஆசிரியர் குழு