மூன்றாவது நிரல்

ஓட்டமாவடியில் மஃரிபுக்குப் பிறகு எந்த ஒழுங்கையால் போனாலும் ஏதாவதொரு வீட்டிலிருந்து இந்தச் சத்தம் கேட்கும்: 'கோ, வென்ட், கோன், ஈட், ஏட், ஈட்டன், ரைட், ரோட், ரிட்டன்.' மூன்று நிரலையும் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். அதே பிள்ளையிடம் ஒரு வசனம் எழுதச் சொல்லுங்கள். 'ஐ ஹேவ் வென்ட்' என்று எழுதிவிட்டு, சரிதானே என்று நம் முகத்தைப் பார்க்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு அந்த மூன்றாவது நிரல் எதற்கு மகன்? 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' வந்தால் பின்னால் அதுதானே வரவேண்டும்? செயப்பாட்டு வினைக்கும் அதுதானே?

பிள்ளையை மட்டும் ஏசிப் பயனில்லை. இந்த இங்கிலீசும் கொஞ்ச அநியாயமா செய்கிறது? 'கட்' மூன்று நிரலிலும் கட். 'கம்' என்பது 'கேம்' ஆகிவிட்டு மறுபடி கம்மாகவே வந்து நிற்கும். 'ரீட்' எழுத்து மாறாமல் வாயில் மட்டும் 'ரெட்' ஆகும். உடுப்பைத் தொங்கவிட்டால் 'ஹங்', ஆளைத் தூக்கிலிட்டால் 'ஹேங்ட்'!

ஹார்வர்டில் இதை ஆராய்ந்து 2007-இல் எழுதினார்கள். பழைய ஆங்கிலத்தில் இப்படி முறை தவறிய 177 வினைகளில் இன்று 98 மட்டுமே அப்படியே இருக்கின்றனவாம். அதிகம் பேசப்படாதவை காலப்போக்கில் 'எட்' ஒட்டிக்கொண்டு அடங்கிவிட்டன. 'ஹெல்ப்' அப்படி அடங்கியதுதான். ஓயாமல் வாயில் புழங்குகிறவை அடங்கவில்லை. அதாவது, இவை பிழைத்துக் கிடப்பதே பேச்சால். நாமோ இவற்றை அட்டவணை போட்டுப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறோம்.

ஓ.எல். வரை வருசக்கணக்காக இங்கிலீஸ் பாடம். வகுப்பில் வாய்திறந்து ஒரு முழு வசனம் சொன்ன பிள்ளை எத்தனை? உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒன்று இருக்கிறது. அதன் புள்ளி பல்கலைக்கழகத் தெரிவுக்குச் சேராது. ஆகவே அதை யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை. பிறகு கட்டார் வேலைக்கு நேர்முகம் என்றதும்தான் ஓடித் திரிவார்கள், ஒரு மாதத்தில் இங்கிலீஸ் பேச வைக்கும் வகுப்பு எங்கே என்று.

டீச்சர்மாரே, சேர்மாரே, அந்த அட்டவணையை ஒப்புவிக்கச் சொல்வதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். காலையில் வகுப்புக்குள் வந்ததும் 'ஹேவ் யூ ஈட்டன்?' என்று கேளுங்கள். 'யெஸ்' என்றால் விடாதீர்கள். முழு வசனமும் வரட்டும், பிறகு இருக்கச் சொல்லுங்கள்.