இன்று யாருடைய பாடு?

பழவேற்காடு ஏரியில் இறால் வலையை நினைத்த இடத்தில் கட்டிவிட முடியாது. கோட்டைக்குப்பம் போன்ற மீனவ ஊர்களில் பாடு முறை உண்டு. தலைக்கட்டுக் கணக்கில் சேர்ந்தவர்களுக்குச் சீட்டுக் குலுக்கி, இன்ன இடம் இன்ன நாளில் இன்னாருக்கு என்று முறை வைக்கிறார்கள். முறை நாளில் பிடித்த இறால் உங்களுடையது. இடம் உங்களுடையது அல்ல. உங்கள் முறை முடிந்தால் அங்கே வேறொருவர் வலை இறங்கும். வலையை எடுக்கும் முன்பே இது எல்லோருக்கும் தெரியும்.

சி மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தெளிவு வாய்க்கவில்லை. சிஸ்டம் லைப்ரரியின் ஃபங்ஷனை அழைத்தால் ஒரு பாயிண்டர் வருகிறது. அது காட்டும் மெமரி யாருக்குச் சொந்தம், எதுவரைக்கும் நம் கையில் இருக்கும் என்பதைப் பாயிண்டர் சொல்வதில்லை.

எடுத்துக்காட்டாக, படகு கரையை விட்ட நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் காட்டும் ஒரு சின்ன நிரல். இரண்டு நேரத்துக்கும் ‘லோக்கல்டைம்’ ஃபங்ஷனை அழைத்து, வந்த பாயிண்டர்களைத் தனித்தனிப் பெயரில் வைத்துக்கொண்டு, கடைசியில் சேர்த்து அச்சிடுகிறோம். விடியற்காலை 4 மணிக்குப் போய் 10 மணிக்கு வந்த படகு, 10 மணிக்குப் போய் 10 மணிக்கே வந்ததாகக் காட்டும். லைப்ரரி தனக்குள் வைத்திருக்கும் ஒரே இடத்தைத்தான் இரண்டு முறையும் தந்தது. இரண்டாவது அழைப்பு முதல் நேரத்தை அழித்துவிட்டது. எச்சரிக்கை கிடையாது, நிரல் நிற்கவும் இல்லை. ஆறு மணி நேர உழைப்பு கணக்கில் காணாமல் போகிறது.

சியின் ‘கெட்என்வ்’, ‘ஸ்டர்டப்’ ஃபங்ஷன்கள் இரண்டும் ஒரே வகைப் பாயிண்டரைத்தான் தருகின்றன. ‘ஸ்டர்டப்’ தந்ததை நாம்தான் ‘ஃப்ரீ’ செய்து விடுவிக்க வேண்டும். மறந்தால் மெமரி கசியும். ‘கெட்என்வ்’ தந்ததை ஃப்ரீ செய்யவே கூடாது. செய்தால் நிரல் எப்போது, எங்கே விழும் என்று சொல்ல முடியாது.

மேனுவலைப் படிக்காதவர் மேல்தான் தப்பு என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உரிமை, ஃபங்ஷனின் பெயரிலாவது வகையிலாவது தெரிய வேண்டும். ஆப்பிளின் கோர் ஃபவுண்டேஷன் லைப்ரரியில், ஃபங்ஷனின் பெயரில் ‘கிரியேட்’, ‘காப்பி’ இருந்தால் விடுவிப்பது நம் பொறுப்பு, ‘கெட்’ என்றால் இல்லை. 2015இல் 1.0 பதிப்பு கண்ட ரஸ்ட் மொழியில் கம்பைலரே உரிமைத் தவறுகளைப் பார்த்துத் தடுக்கிறது. சியிலும் ‘லோக்கல்டைம்_ஆர்’ இருக்கிறது: நேரத்தை எழுத வேண்டிய இடத்தை நாமே கொடுக்கிறோம், அதை வேறு அழைப்பு எதுவும் தொடாது. படகுக் கணக்கு எழுதுகிறவர் இதையே எடுக்கட்டும்.